வட கரோலினாவில் ஒரு ஹேண்டிகேப் பூல் தொடர்

ராலே, டர்ஹம், கிரீன்ஸ்போரோ, வின்ஸ்டன்-சேலம், ஷார்லட் ஆகிய ஊர்களில் வாரந்தோறும் பூல் (பைகள் உள்ள மேசையில் கோலால் பந்துகளை அடித்து விழவைக்கும் ஆட்டம்) லீக்கில் ஆடிவரும் அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கென்று தனிநபர் போட்டித் தொடர் ஒன்றை இந்த இலையுதிர் காலத்தில் தொடங்குகிறோம். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒவ்வொரு முறையும் ஓர் ஊரில் போட்டி நடக்கும். ஐந்து போட்டிகள் முடிந்தபின் ஆறாவதாக ஓர் இறுதிப் போட்டி உண்டு. ஆட்டத் திறனில் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும் இருவரும் மேசையருகே நிற்கும்போது வெற்றிக்கான வாய்ப்பு ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக, வலுவானவர் அதிக ரேக்குகளையும் (பந்துகளை அடுக்கிவைத்துத் தொடங்கும் ஒரு சுற்று ஆட்டமே ரேக்) மற்றவர் குறைந்த ரேக்குகளையும் வென்றால் போதும் என்று விதிக்கும் ஹேண்டிகேப் முறையில் இது நடைபெறும். இந்தத் தொடரை எப்படி அமைத்தோம், எந்த விதியை எதற்காக வைத்தோம் என்பதை ஆட வருபவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இப்படியொரு தொடர் எதற்கு என்று எங்கள் லீக்கிலேயே சிலர் கேட்டார்கள். லீக் என்பது வார நாளின் மாலையில் அணியாகக் கூடி ஆடுவது. அங்கே பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு மேட்ச்தான் கிடைக்கும், மீதி நேரமெல்லாம் தோழர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் போய்விடும். அதில் ஒரு சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் முழுவதும் ஆடவும், காலையில் தோற்ற ஆட்டத்தின் பாடத்தை மாலை ஆட்டத்தில் பயன்படுத்தவும், அறிமுகமில்லாத ஒருவரின் எதிரே அமர்ந்து அவருடைய ஆட்டத்தைப் படிக்கவும் லீக் இடம் தருவதில்லை. மறுபுறம், யாரும் கலந்துகொள்ளலாம் என்று அறிவிக்கப்படும் பொதுப் போட்டிகள் நிறையவே இருக்கின்றன. அங்கே நடுத்தர ஆட்டக்காரர் ஒருவர் நுழைவுக் கட்டணத்தைச் செலுத்தி, முதல் சுற்றில் பிராந்தியத்தின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரிடம் தோற்று, ஒருமுறை தோற்றவர்கள் தமக்குள் ஆடும் தோற்றவர் பக்கத்தில் இன்னொரு வலுவானவரிடமும் தோற்று, மதிய உணவுக்கு முன்பே காரில் ஏறிவிடுகிறார். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை அவர் வருவதில்லை. அவர் வராவிட்டால் பரிசுத் தொகை சுருங்குகிறது, போட்டியும் மெல்ல நின்றுபோகிறது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடத்தைத்தான் நாங்கள் நிரப்ப விரும்புகிறோம்.

இந்த மாநிலத்துக்கு இந்த விளையாட்டில் பெரிய மரபு உண்டு. 1960-களில் ஸ்ட்ரெய்ட் பூல் உலகப் பட்டங்களைப் பலமுறை வென்ற லூதர் லாசிட்டர் கடற்கரையோர எலிசபெத் சிட்டியைச் சேர்ந்தவர். இல்லினாய் மாநிலத்து ஜான்ஸ்டன் சிட்டியில் அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் நடந்த புகழ்பெற்ற போட்டிகளில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும். 1961-இல் ரோஸ்போரோவில் பிறந்த எர்ல் ஸ்ட்ரிக்லண்ட் யுஎஸ் ஓப்பன் ஒன்பது பந்துப் போட்டியை (ஒன்பதாம் பந்தை முறைப்படி விழவைப்பவர் ரேக்கை வெல்லும் ஆட்டம்) ஐந்து முறை வென்றவர், மூன்று முறை உலகச் சாம்பியன். அந்த யுஎஸ் ஓப்பன்கூட 1976-இல் எல்லைக்கு அப்பால் பக்கத்து மாநிலமான வர்ஜினியாவில்தான் தொடங்கியது. இத்தகைய மண்ணில் உச்சியில் இருப்பவர்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் கியூ கோலைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி. நானும் அப்படிப்பட்ட ஒருவன்தான்.

ஹேண்டிகேப் என்பது அமெச்சூர் பூலுக்குப் புதிதல்ல. டெர்ரி பெல், லாரி ஹப்பார்ட் என்ற இரு தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1979-இல் தொடங்கிய அமைப்புதான் பின்னர் அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன் ஆனது. அதன் வெற்றிக்கு அடிப்படையே எல்லாத் திறனாளரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த ஹேண்டிகேப் முறைதான். எட்டுப் பந்து ஆட்டத்தில் அங்கே 2 முதல் 7 வரை திறன் நிலைகள் உண்டு. 7-ஆம் நிலைக்காரர் 2-ஆம் நிலைக்காரரைச் சந்தித்தால் முன்னவர் ஏழு ரேக்குகளையும் பின்னவர் இரண்டே ரேக்குகளையும் வென்றாக வேண்டும். ஒன்பது பந்தில் ரேக்குகளுக்குப் பதிலாகப் பந்துகளையே எண்ணுகிறார்கள். அதில் 1-ஆம் நிலைக்காரருக்கு 14 புள்ளிகள் போதும், 9-ஆம் நிலைக்காரர் 75 புள்ளிகளை எட்ட வேண்டும். ஓர் அணியிலிருந்து அன்றிரவு ஆடும் ஐந்து பேரின் நிலைகளைக் கூட்டினால் 23-ஐத் தாண்டக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. வலுவானவர்களை மட்டும் திரட்டி ஓர் அணி அமைக்க முடியாதபடி அது தடுக்கிறது. பல லட்சம் சாதாரண மக்கள் பூல் ஆட வந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் ஊர் விட்டு ஊர் செல்லும் தனிநபர் தொடருக்கு இந்த நிலைகள் போதவில்லை. ஒரே நிலைக்குள் இருக்கும் இருவருக்கிடையே கணிசமான வேறுபாடு இருக்கலாம். அணியின் நலனுக்காக வகுத்த நிலையைத் தனிநபர் பரிசுப் போட்டிக்கு அப்படியே எடுத்துச் செல்வதும் பொருந்தாது. இதைவிடப் பழைய வழக்கம் ஒன்று பல பூல் ஹால்களில் இன்னும் இருக்கிறது. போட்டி நடத்துபவர் ஆட்டக்காரரைப் பார்த்து ஏ (மிக வலுவானவர்), பி, சி, டி என்று தரம் பிரிப்பார். நான் சென்று ஆடிய ஒரு ஹாலில் அந்த ஊர்க்காரர்களெல்லாம் சி ஆகவும், வெளியூரிலிருந்து வந்த எங்களில் பெரும்பாலோர் பி ஆகவும் ஆக்கப்பட்டோம். தீய எண்ணத்தோடு செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தவரின் மோசமான ஆட்டங்களும் நினைவில் இருக்கும், தெரியாதவரின் நல்ல ஷாட் ஒன்று மட்டுமே கண்ணில் படும், மனிதக் கண்ணின் இயல்பு அது. ஆனால் எங்களோடு காரில் வந்த ஒருவர் அதன்பிறகு எந்தப் போட்டிக்கும் வரவில்லை. ஒரு தொடரின் உயிர் ஹேண்டிகேப் எண்ணில் இல்லை, அந்த எண்ணை ஆட்டக்காரர்கள் நம்புகிறார்களா என்பதில்தான் இருக்கிறது என்று அன்று எனக்கு விளங்கியது.

அதனால்தான் ஃபார்கோரேட் முறையைத் தேர்ந்தெடுத்தோம். வட டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரைச் சேர்ந்த மைக் பேஜ் உருவாக்கிய இந்த முறையில், உலகெங்கும் லீக்குகளிலும் போட்டிகளிலும் பதிவாகும் ரேக் முடிவுகளெல்லாம் ஒரே கணக்கில் சேர்கின்றன. யார் யாரை எத்தனை ரேக்குகளில் வென்றார் என்பதை மட்டும் வைத்து, எல்லா ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கும் (திறனைக் காட்டும் எண்) ஒருசேரக் கணிக்கப்படுகிறது. இருவருக்கிடையே 100 புள்ளி வேறுபாடு இருந்தால், வலுவானவர் இரண்டு ரேக்குகளை வெல்லும்போது மற்றவர் ஒன்றை வெல்வார் என்று பொருள். 200 புள்ளி என்றால் நான்குக்கு ஒன்று, 300 என்றால் எட்டுக்கு ஒன்று. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் 800-க்கு மேல் இருக்கிறார்கள். எங்கள் லீக் மாலைகளில் நான் பார்க்கும் பெரும்பாலோர் 300-க்கும் 600-க்கும் இடைப்பட்டவர்கள். ஆணா பெண்ணா, இளைஞரா முதியவரா, எந்த ஊர்க்காரர் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. கிரீன்ஸ்போரோவில் இருக்கும் 480-உம் ராலேயில் இருக்கும் 480-உம் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லையென்றாலும், இருவரோடும் ஆடியவர்களின் வலைப்பின்னல் வழியாக அந்த இரண்டு எண்களும் ஒப்பிடத்தக்கவையாகின்றன. வெவ்வேறு ஊர்க்காரர்கள் கூடும் தொடருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

எண் கிடைத்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த எண்ணை எத்தனை ரேக்குகளாக மாற்றுவது என்பதில்தான் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. 100 புள்ளி வேறுபாடு உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஏழு ரேக்குகள் வெல்ல வேண்டும் என்று வைத்தால், வலுவானவர் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு. ஒரு ரேக்கில் மூன்றில் இரண்டு பங்காக இருந்த சாதகம், ஏழு வரை ஓடும்போது இப்படிப் பெருகிவிடுகிறது. இதைப் பலர் உணர்வதில்லை. மற்றவருக்கு நான்கு ரேக்குகள் போதும் என்று மாற்றினால் அந்த வாய்ப்பு 56 விழுக்காடாக இறங்குகிறது. மூன்று போதும் என்றால் 38 ஆகிவிடும், அப்போது வலுவாக ஆடுவதே ஒரு சுமையாகிறது. ஆகவே 100 புள்ளிக்கு ஏழு-நான்கு என்று முடிவு செய்தோம். 50 புள்ளி வேறுபாட்டுக்கு ஏழு-ஐந்து என்பது ஏறத்தாழச் சரிபாதியாக வருகிறது. வலுவானவருக்குச் சிறு சாதகம் இருக்க வேண்டும் என்பதால் அங்கே ஏழு-ஆறு என்று நிறுத்தி, ஏழு-ஐந்தை 65 புள்ளியிலிருந்து தொடங்கினோம். 150 புள்ளிக்கு ஏழு-மூன்று, அதில் வலுவானவருக்கு 57 விழுக்காடு.

சிக்கல் 200 புள்ளியில் வந்தது. அங்கே ஏழு-மூன்று என்று வைத்தால் வலுவானவருக்கு 74 விழுக்காடு வாய்ப்பு, ஏழு-இரண்டு என்று வைத்தால் சரியாகப் பாதிக்குப் பாதி. இரண்டுக்கும் நடுவே வேறு எண் இல்லை, ரேக்கைப் பாதியாக வெட்டவும் முடியாது. ரேஸை, அதாவது வெல்ல வேண்டிய ரேக்குகளின் எண்ணிக்கையை, ஒன்பது அல்லது பதினொன்று ஆக்கினால் இடைவெளிகள் நுண்மையாகும், ஆனால் ஒரே நாளில் போட்டியை முடிக்க முடியாது. 200 புள்ளி வேறுபாட்டில் ஹேண்டிகேப் இல்லாமல் ஆடினால் வலுவற்றவர் நூற்றில் ஒருமுறைகூட வெல்ல மாட்டார். அவ்வளவு தொலைவு இறங்கிவந்து ஆட ஒப்புக்கொள்ளும் வலுவானவருக்குப் பாதி வாய்ப்பு குறைவுதான் என்றாலும், 74 என்பது எதிரே நிற்பவருக்குக் கதவைச் சாத்துவது போலாகும் என்று நான் வாதிட்டேன். ஏழு-இரண்டு என்பதே நின்றது.

இந்த அட்டவணையைப் பார்த்த எங்கள் பகுதியின் நல்ல ஆட்டக்காரர் ஒருவர், தான் பத்தாண்டுகள் உழைத்துப் பெற்ற திறனுக்குத் தண்டனையா இது என்று கேட்டார். நியாயமான கேள்வி. மிக நன்றாக ஆடக் கற்றுக்கொண்டவர் அதன் பயனை இழந்தால், கற்கவேண்டும் என்ற ஆசையே இல்லாமல் போகும். அதற்காகத்தான் பெரும்பாலான இடங்களில் சரிபாதி வைக்காமல் வலுவானவர் பக்கம் ஐந்தாறு விழுக்காட்டுச் சாதகத்தை விட்டுவைத்தோம். ஒரு மேட்சில் அது சிறிதாகத் தெரியும், ஆறு ஏழு மேட்சுகள் கொண்ட ஒரு நாளிலும் ஆறு போட்டிகள் கொண்ட ஒரு பருவத்திலும் அது சேர்ந்துகொண்டே போகும். அவரிடம் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இன்னொன்றையும் சொன்னேன். 450 ரேட்டிங் உள்ளவருக்கும் அவர் தினமும் பயிற்சி செய்கிறாரா என்பது முக்கியம், ஏனென்றால் இன்று அவருடைய எண் எதுவோ அதைவிட நன்றாக ஆடினால் இன்று வெல்வார். ஹேண்டிகேப் போட்டியில் ஒவ்வொருவரும் தம்முடைய நேற்றைய சராசரியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. வலுவானவருக்கும் அதே விதிதான். கேள்வி கேட்ட அந்த ஆட்டக்காரர் தொடரில் ஆடப் பெயர் கொடுத்துவிட்டார்.

அதே சமயம் ஹேண்டிகேப்புக்கு ஓர் எல்லை உண்டு. 300 புள்ளி வேறுபாட்டில் ஏழு-இரண்டு என்றால் வலுவானவருக்கு 78 விழுக்காடு, ஏழு-ஒன்று என்றால் 44. ஒரே ஒரு ரேக்கை வென்றால் போதும் என்னும் நிலையில் ஆட்டம் ஆட்டமாக இருக்காது. பிரேக்கில், அதாவது ரேக்கின் முதல் அடியில், பந்துகள் எப்படிச் சிதறுகின்றன என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். எனவே யாரும் இரண்டு ரேக்குகளுக்குக் குறைவாக ஆடக்கூடாது என்றும், 650-க்கு மேல் ரேட்டிங் உள்ளவர்களை இந்தத் தொடரில் சேர்ப்பதில்லை என்றும் வரம்பு வைத்தோம். 650-ஐத் தாண்டியவர்களுக்குப் பொதுப் போட்டிகள் காத்திருக்கின்றன. அவர்கள் பார்வையாளர்களாக வந்து மற்றவர்களுக்கு இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் மகிழ்வோம்.

ரேட்டிங் இல்லாமல் வருபவரை என்ன செய்வது என்பதுதான் இந்த வகைப் போட்டிகளை நடத்துவோர் அனைவரையும் தூங்கவிடாத கேள்வி. 1985-இல், பின்னாளில் உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவராக அறியப்பட்ட பிலிப்பைன்ஸ் நாட்டின் எஃப்ரன் ரேயஸ் ஹூஸ்டனுக்கு வந்து, சேசர் மொராலஸ் என்ற வேறு பெயரில் ஒரு போட்டியில் கலந்துகொண்டு அதை வென்றார். பூல் உலகம் இன்றும் வியந்து சொல்லும் கதை அது. அந்தப் போட்டியில் ஹேண்டிகேப் இருந்திருந்தால் அந்தப் பெயருக்கு எந்த எண்ணைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பகுதிக்கு ரேயஸ் வரப் போவதில்லை. ஆனால் வேறு மாநிலத்திலிருந்து வேலை மாறி வந்தவர்களும், பதினைந்து ஆண்டுகள் கியூவைத் தொடாமல் இருந்து திரும்பியவர்களும், ஸ்னூக்கரில் வளர்ந்து இப்போதுதான் பூலுக்கு மாறியவர்களும் வருவார்கள். ஃபார்கோரேட்டில் ஒருவரின் ரேட்டிங் 200 ரேக்குகள் பதிவான பின்னரே நிலைபெற்றதாகக் கருதப்படுகிறது. ஆகவே 200 ரேக்குகளுக்குக் குறைவாகப் பதிவு உள்ளவர்களுக்கு மூவர் குழு ஓர் எண்ணைத் தரும். அந்த மூவரும் மூன்று வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள், ஒருவர் தம் ஊர் ஆட்டக்காரருக்கு எண் நிர்ணயிக்கும்போது வாக்களிக்க மாட்டார். ஐயம் வந்தால் சற்று உயர்த்தியே தருவார்கள். முதல் போட்டியில் புதியவருக்கு இது கொஞ்சம் கடினமாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், இருந்தாலும் ஒருவருக்கு ஏற்படும் சிறு கடினம், முப்பத்தொருவருக்கு ஏற்படும் சந்தேகத்தைவிடத் தாங்கத்தக்கது. போட்டி நடக்கும்போது அந்த எண்ணைக் குழு உயர்த்தலாம், குறைக்க முடியாது. எல்லோருடைய எண்களும் போட்டிக்கு முந்தைய வியாழக்கிழமையே வெளியிடப்படும். ஆட்சேபணை இருப்பவர் வெள்ளி இரவுக்குள் தெரிவிக்க வேண்டும், முதல் பிரேக் அடித்தபின் எந்த வாதமும் ஏற்கப்படாது.

எண்ணைத் தாழ்வாக வைத்துக்கொள்வதற்காக வேண்டுமென்றே மோசமாக ஆடுபவர்கள் எல்லா ஹேண்டிகேப் முறைகளிலும் உண்டு. சாண்ட்பேகிங் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஃபார்கோரேட்டில் அது எளிதல்ல. ஆயிரம் ரேக்குகள் பதிவான ஒருவர் தம் எண்ணைக் கணிசமாகக் கீழே இறக்க வேண்டுமானால் மாதக்கணக்கில் தம் லீக் அணியையே தோற்கடித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் தொடரின் எல்லா ரேக்குகளும் ஃபார்கோரேட்டுக்கு அனுப்பப்படும் என்பதால், இங்கே பணம் வெல்லும் ஒவ்வொரு முறையும் எண் தானாக மேலேறும். அதையும் மீறி ஒருவர் தொடர்ந்து தம் எண்ணுக்கு மிக மேலாக ஆடினால் மூவர் குழு அவருடைய எண்ணை எங்கள் தொடருக்கு மட்டும் உயர்த்தும். அதற்கான காரணம் அவருக்கு எழுத்தில் தரப்படும், மற்றவர்களும் அதைக் கேட்டுப் படிக்கலாம். மூடிய அறையில் எந்த எண்ணும் மாறாது என்பதை இந்தத் தொடரின் முதல் விதியாகவே எழுதிவைத்திருக்கிறோம்.

ஆட்டம் ஒன்பது பந்து. எட்டுப் பந்து லீக்கில் எல்லோருக்கும் பழக்கம்தான் என்றாலும், ஒரு ரேக்குக்கு ஆகும் நேரம் அதில் அதிகம், பாதுகாப்பு ஆட்டம் நீளும்போது மொத்த அட்டவணையும் பின்தங்கிவிடும். உலகப் பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிகளையே பின்பற்றுகிறோம். பிரேக்குக்கு அடுத்த ஷாட்டில் புஷ் அவுட் (எந்தப் பந்தையும் தொடாவிட்டாலும் தவறாகாமல் கியூ பந்தை நகர்த்தும் உரிமை) உண்டு, தவறு செய்தால் எதிராளி கியூ பந்தை எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம், அடுத்தடுத்து மூன்று தவறுகள் செய்தால் ரேக் போய்விடும். இரண்டு விஷயங்களை மட்டும் நாங்களே வரையறுத்திருக்கிறோம். பிரேக்கிலேயே ஒன்பதாம் பந்து விழுந்தால் அது வெற்றியாகாது, பந்து திரும்ப மேசையில் வைக்கப்படும். இரண்டு ரேக்குகள் மட்டும் தேவைப்படும் ஒருவருக்கு அதிர்ஷ்டத்தால் ஒரு ரேக் கிடைப்பது அட்டவணையையே பொருளற்றதாக்கிவிடும். இரண்டாவதாக, வென்றவரே மீண்டும் பிரேக் அடிக்காமல் இருவரும் மாறி மாறி அடிப்பார்கள். வென்றவர் பிரேக் முறையில் வலுவானவர் மூன்று ரேக்குகளைத் தொடர்ச்சியாக முடித்துவிட்டால் மற்றவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை என்ற நிலை வரும். அறுபது எழுபது மைல் ஓட்டி வந்தவர் ஆடத்தான் வந்திருக்கிறார்.

போட்டிக்கு 32 பேர், இருமுறை தோற்றால்தான் வெளியேற்றம். தோற்றவர் பக்கத்தில் மட்டும் எட்டுச் சுற்றுகள் இருப்பதால் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. அங்கே ரேஸை ஏழிலிருந்து ஐந்தாகக் குறைத்தோம். 100 புள்ளி வேறுபாட்டுக்கு அங்கே ஐந்து-மூன்று, அதில் வலுவானவருக்கு 57 விழுக்காடு என்பதால் இரண்டு பக்கங்களிலும் நியாயம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ஹேண்டிகேப்பினால் கிடைக்கும் ஒரு துணைப் பயனும் உண்டு. சமமானவர்களின் ஏழு வரையிலான மேட்ச் அதிகபட்சம் 13 ரேக்குகள் நீளும், ஏழு-நான்கு மேட்ச் 10 ரேக்குகளுக்கு மேல் போகாது. குறைந்தது 16 மேசைகள் உள்ள ஹால்களை மட்டுமே தேர்ந்தெடுத்தோம். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் இரவு எட்டு மணிக்குள் இறுதி ஆட்டம் முடிந்துவிட வேண்டும் என்பது எங்கள் இலக்கு. ஞாயிறு காலை குடும்பத்தோடு இருக்க வேண்டியவர்கள் நாங்கள் எல்லோரும். இறுதி ஆட்டம் ஒரே ஒரு ரேஸ்தான், தோல்வியே இல்லாமல் வந்தவருக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. இதில் எனக்கு முழு மனநிறைவு இல்லை என்றாலும் நேரம் வேறு வழி விடவில்லை.

நுழைவுக் கட்டணம் 50 டாலர். அதில் 40 டாலர் அன்றைய பரிசுக்கே போகும். 32 பேர் நிறைந்தால் 1,280 டாலர் சேரும். முதலிடத்துக்கு 400, இரண்டாமிடத்துக்கு 280, மூன்றாமிடத்துக்கு 200, நான்காமிடத்துக்கு 120, ஐந்தாம் ஆறாம் இடங்களுக்குத் தலா 80, ஏழாம் எட்டாம் இடங்களுக்குத் தலா 60 என்று பிரிக்கிறோம். முதலிடத்துக்கே பாதிப் பணத்தைக் கொடுத்தால் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் நாள் முழுதும் ஆடி ஏழாவதாக வந்தவர் கட்டணத்தைத் திரும்பப் பெற்று, பெட்ரோலுக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மீதிப் பத்து டாலரில் ஐந்து பருவ இறுதிப் போட்டிக்குச் சேமிக்கப்படும், ஐந்து செலவுக்கு. ஐந்து போட்டிகளும் நிறைந்தால் இறுதிக்கு 800 டாலர் தனியாகச் சேர்ந்திருக்கும். போட்டி நடத்தும் எங்களில் யாரும் ஒரு டாலர்கூட எடுப்பதில்லை, கணக்கு ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் ஹாலின் சுவரில் ஒட்டப்படும். மேசைகளுக்கு ஹால் உரிமையாளர்கள் வாடகை கேட்கவில்லை. முப்பது பேர் பத்து மணி நேரம் இருக்கும் இடத்தில் சாப்பாடும் பானமும் விற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆட்டக்காரர்களை ஏலம் விட்டு, வென்றவரை ஏலத்தில் எடுத்தவருக்குப் பணம் பிரிக்கும் கால்கட்டா ஏலம் இங்கே கிடையாது. பல போட்டிகளில் அது பெரிய ஈர்ப்பு என்பதை அறிவேன். ஆனால் ஏலத்தில் பெருந்தொகை புழங்கத் தொடங்கும் நாளில் எண்ணைத் தாழ்த்திக்கொள்ளும் ஆசையும் தொடங்கிவிடும்.

பருவப் புள்ளிகள் எளிமையானவை. ஐந்து போட்டிகளில் ஒருவரின் சிறந்த நான்கு முடிவுகள் எடுத்துக்கொள்ளப்படும், எனவே ஒரு சனிக்கிழமை வேலையோ வீட்டு நிகழ்ச்சியோ வந்தால் யாரும் பின்தங்க மாட்டார்கள். தம் ஊருக்கு வெளியே ஆட வருபவருக்குக் கூடுதலாக ஒரு புள்ளி உண்டு. இதை ராலே நண்பர்களில் சிலர் விரும்பவில்லை. ஆனால் ராலேக்காரர் கிரீன்ஸ்போரோவுக்கு எண்பது மைல் ஓட்டாமல், கிரீன்ஸ்போரோக்காரர் மட்டும் ராலேக்கு வந்துகொண்டிருந்தால் அது பிராந்தியத் தொடராக இருக்காது, ஓர் ஊரின் போட்டிக்கு மற்றவர்கள் விருந்தினராக வருவதாகவே முடியும். மொத்தப் புள்ளிகளில் முதல் 32 பேர் இறுதிப் போட்டியில் ஆடுவார்கள். அதில் தோற்றவர் பக்கத்திலும் ரேஸ் ஏழாகவே இருக்கும், எனவே அது மட்டும் இரண்டு நாள் நடக்கும்.

முதல் போட்டி கிரீன்ஸ்போரோவில், நெடுஞ்சாலை 40-உம் 85-உம் சந்திக்கும் இடம் என்பதால் ஷார்லட்டிலிருந்தும் ராலேயிலிருந்தும் ஏறத்தாழ ஒரே தொலைவு. பெயர் கொடுத்தவர்களில் 330 ரேட்டிங் உள்ள ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரும் இருக்கிறார், 640-இல் நிற்கும் மரவேலைக்காரர் ஒருவரும் இருக்கிறார். குலுக்கலில் அந்த இருவரும் முதல் சுற்றில் சந்தித்தால் அட்டவணைப்படி மரவேலைக்காரருக்கு ஏழு, ஆசிரியைக்கு இரண்டு. வேறுபாடு 300-ஐத் தாண்டுவதால் சாதகம் இன்னும் மரவேலைக்காரர் பக்கமே இருக்கும், ஆனால் ஆசிரியை அந்த மேட்சை நம்பிக்கையோடு தொடங்கலாம். இன்னும் சில இடங்கள் மீதமிருக்கின்றன. வருபவர்கள் ஃபார்கோரேட் செயலியில் தங்கள் எண்ணையும் பதிவான ரேக்குகளின் எண்ணிக்கையையும் முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாதவர்கள் தாங்கள் ஆடிய லீக், அங்கே இருந்த நிலை, எத்தனை ஆண்டுகள் ஆடுகிறீர்கள் என்ற விவரங்களை புதன்கிழமைக்குள் மூவர் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹால் திறக்கும், மேசைகளில் பயிற்சி ஆட ஒரு மணி நேரம் கிடைக்கும்.